கேஜ் என்றால் கூண்டு அல்ல

1

சென்ற வாரம் எங்கள் கலைக்கூடத்துக்கு ஒரு பள்ளி வகுப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள். கொரோனா காலத்தில் இந்தக் கதவுகள் மாதக்கணக்கில் பூட்டியிருந்தன என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது ராஜா காலத்துக் கதை. ஒரு சிறுமி மட்டும் கேட்டாள், "அப்போ படங்களை யார் பார்த்தாங்க?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வேடிக்கைக்காகத் தூக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் நான்தான் பார்த்தேன். நானும் இன்னும் இரண்டு காவலாளிகளும்.

ஜெர்மனியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ரூர் பகுதியில் ஒரு சிறு நகரம் எங்களுடையது. தங்கச் சுரங்கம் மூடிப்போன கோலார் தங்கவயலிலிருந்து நான் இங்கே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது, வந்தோம். இதில் வேறு தத்துவம் ஒன்றும் இல்லை. முதலில் இந்தக் கூடத்தில் தரை துடைத்தேன். பிறகு நாற்காலி கொடுத்தார்கள். யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது வேலை. படத்தைப் பற்றிப் பேசுவது என் வேலையல்ல. ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஒரே ஒரு முறை பேசினேன். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

2

என் தம்பி ராகுலன் தங்கவயலில் பாலகாட் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அப்பாவோடு இருக்கிறான். அவனும் கலை உலகத்தில்தான் இருக்கிறான், என்னைப் போலவே அதன் அடிமட்டத்தில். விடிந்ததும் ரயிலேறி பெங்களூரு போய், ஒரு கலைக்கூடத்தில் மற்றவர்கள் வரைந்த படங்களை மாட்டுவான், இறக்குவான், பெட்டி கட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் வரைவான். அவன் வரைகிறான் என்பது அந்தக் கூடத்துக்குத் தெரியாது. அவன் சொன்னதும் இல்லை.

ஊரடங்கில் ரயில் நின்றது. அவனுடைய கூடம் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசிக்குள் குடிபோனது. தொலைபேசியில் ஆணி அடிக்க ஆள் தேவையில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்தான். பெட்டி கட்ட என்று கொண்டுவந்து வைத்திருந்த பெரிய அட்டைகளில் கரியால் வரைய ஆரம்பித்தான்.

அதே நாட்களில் எங்கள் கூடமும் கதவைச் சாத்தியது. நாற்காலியிலிருந்து எழுப்பி என் கையில் ஒரு கோலைக் கொடுத்தார்கள். கோலின் நுனியில் கைபேசி. நான் வெறுமையான அறைகளில் நடப்பேன். பார்வையாளர்கள் அவரவர் வீட்டில் இருந்துகொண்டு பார்ப்பார்கள். கண்காட்சிகளை அமைக்கும் ஸபீனா தன் வீட்டுச் சமையலறையிலிருந்து விளக்கம் சொல்வார். "கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கிட்டே. அவ்வளவு கிட்டே வேண்டாம்." பன்னிரண்டு வருடம் மக்களைப் படத்திடமிருந்து தள்ளி நில்லுங்கள் என்று சொன்னவள், இப்போது அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்தருகே நிறுத்தினேன்.

3

வெளிநாட்டிலிருந்து படங்கள் வர வழியில்லை. விமானம் இல்லை, அஞ்சல் இல்லை. அதனால் ஸபீனா ஒரு ஏற்பாடு செய்தார். வீடுகளுக்குள் அடைபட்ட ஓவியர்கள் வரைந்ததைப் புகைப்படமாக வாங்கி, இங்கே பெரிதாக அச்சிட்டு, சுவரில் மாட்டி, அதை வீடியோவில் காட்டுவது. ஊழியர்களுக்குத் தெரிந்த ஓவியர்கள் இருந்தாலும் சொல்லலாம் என்றார். நான் ராகுலன் அனுப்பியிருந்த ஒரு படத்தைக் காட்டினேன். ஸபீனா வெகுநேரம் பார்த்தார். "உன் தம்பியா?" என்றார். அவர் என்னிடம் சொந்த விஷயம் கேட்டது அதுவே முதல் முறை.

படத்தில் பன்னிரண்டு ஆட்கள் ஒரு கேஜில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தலையில் விளக்கு. வெளியே ஒருவர் மணிக் கயிற்றில் கை வைத்திருக்கிறார். அவர் எங்கள் அப்பா. தங்கவயல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கேஜ் என்பது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், ஷாஃப்டில், ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்பு லிஃப்ட். அப்பா முப்பது வருடம் அதன் வாசலில் நின்று ஆட்களை ஏற்றிவிட்டு மணியடித்தார். பன்னிரண்டு முகங்களும் அவரோடு ஷிஃப்டு பார்த்தவர்கள். பாதிப் பேர் இப்போது இல்லை.

ராகுலன் படத்துக்கு விளக்கமாகக் குரலில் ஒன்று அனுப்பினான். "இது கேஜ், அக்கா. அவ்ளோதான். இன்னா எழுதணுமோ நீயே எழுது."

இணையத்தில் ஒரு படிவம். இருபது நிமிடத்தில் நிரப்பாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். தலைப்பு ஜெர்மனில் இருக்க வேண்டும். எனக்கு இருபது வருடமாக ஜெர்மன் தெரியும், ஆனால் எழுத வராது. அப்போது பதினேழு வயதான என் மகள் மாயாவை உட்கார வைத்தேன். அவளுக்கு ஜெர்மன் தாய்மொழி, தமிழ்தான் எழுத வராது.

"கேஜ்னா கேஃபிக்தானே அம்மா?" என்றாள்.

கேஃபிக் என்றால் கூண்டு. கிளிக்கூண்டு, சிங்கக் கூண்டு. எனக்கு அது தெரியும். சரியான சொல் அது இல்லை என்றும் தெரியும். சரியான சொல் எதுவென்று தெரியவில்லை. திரையின் ஓரத்தில் நான்கு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. போடு என்றேன். தவறு மாயாவுடையது அல்ல.

4

கூண்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். நாமும் இப்படித்தானே கிடக்கிறோம் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அரைப் பக்கத்துக்குப் படத்தைப் போட்டது. பூமிக்கடியில் மனிதர்களைக் கூண்டிலடைத்த கொடுமையை இந்திய ஓவியர் காட்டியிருக்கிறார் என்ற பொருளில் கட்டுரை. இணையத்தில் அதைப் பார்த்து, ராகுலன் ஆணி அடித்த அதே பெங்களூரு கூடம் அவனைக் கூப்பிட்டது. உங்களுடைய பத்துப் படங்களை வைத்து இணையக் கண்காட்சி நடத்தலாம், அந்தக் கூண்டு என்ற கருத்து பிரமாதம் என்றார்கள். பதினைந்து வருடம் பின்வாசல் வழியாக வந்துபோனவனை முதல் முறையாக 'சார்' என்று கூப்பிட்டார்களாம்.

பாலகாட்டில் கதை வேறாகப் போனது. பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்த பக்கத்து லைன் பெண் ஒருத்தி, அந்தக் கட்டுரையைக் கைபேசியிலேயே தமிழாக்கி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். நல்ல எண்ணத்தில்தான். மிருகங்களைப் போலக் கூண்டில் அடைக்கப்பட்டவர்கள் என்று அது தமிழாக்கியது.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தனபாக்கியம் அத்தை நடந்தே வந்தார். அவர் கணவர் ஜெயபால் மாமா அந்தப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். நுரையீரலில் தூசி சேர்ந்து செத்துப்போனவர். அத்தை முகக்கவசத்தோடு தெருவிலேயே தள்ளி நின்று அப்பாவிடம் கேட்டாராம்: "அண்ணே, எங்க வூட்டுக்காரரு கூண்டுலயா போனாரு? ஷிஃப்டுக்கு இல்ல போனாரு?"

அன்று மாலை அப்பா எனக்குத் தொலைபேசினார். வழக்கமாக அவர் பேசுவதில்லை, நாங்கள் பேசுவதைக் கேட்பார்.

"இன்னாம்மா எழுதி வெச்சிருக்கீங்க? நான் இன்னா மிருகத்தையா ஏத்தி எறக்கினேன்? ஒருத்தன் விரலு வெளிய நீட்டாம பாத்துக்கினு நின்னேன் முப்பது வருசம். ஏறினவன் எல்லாம் வேல செய்ற ஆளு. கஷ்டம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா எவனும் எங்கள அடைச்சி வெக்கல. நாங்களா ஏறினோம்."

"மாத்திடறேம்ப்பா."

"மாத்து. தனபாக்கியம் மூஞ்சிய என்னால பாக்க முடியல."

ஸபீனாவிடம் சொன்னேன். இரண்டு பொருள் இருப்பது கலைக்கு நல்லதுதானே என்றார். கெட்டவர் அல்ல, உண்மையாகவே அப்படி நம்பினார். தலைப்பை மாற்ற வேண்டுமென்றால் ஓவியரின் கையெழுத்திட்ட கடிதம் அசலாக அஞ்சலில் வர வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். அஞ்சல் ஓடவில்லையே என்றேன். ஓட ஆரம்பித்ததும் அனுப்பச் சொல்லுங்கள் என்றார்கள்.

ராகுலனைக் கேட்டேன். "விடுக்கா, எல்லாம் கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க" என்றான். கடிதம் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை, அல்லது கேட்க விரும்பவில்லை.

5

அடுத்த வாரம் நேரலைச் சுற்று. நாற்பது சொச்சம் பேர். நான் கோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நின்றேன். ராகுலனின் படத்துக்கு முன்னால் வந்ததும் ஸபீனா, "இந்தக் கேஃபிக்கில் நிற்கும் மனிதர்களின் கண்களைக் கவனியுங்கள்" என்று ஆரம்பித்தார்.

ஜெயபால் மாமாவின் முகம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்குச் சிறு வயதில் சைக்கிள் பிடித்துத் தள்ளிவிட்டவர்.

"இது கூண்டு இல்லை," என்றேன். என் குரல் அந்த வெற்று அறையில் எதிரொலித்தது. ஸபீனா நிறுத்தினார். என் ஜெர்மன் பதற்றத்தில் இன்னும் சிதைந்தது. "இது கீழே போகும். மேலே வரும். வேலைக்குப் போகிறார்கள். வெளியே மணி அடிப்பது என் அப்பா. இவர்கள் கைதிகள் இல்லை. எனக்குச் சரியான வார்த்தை தெரியவில்லை. மன்னியுங்கள்."

பிறகு திரையின் ஒரு சதுரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. அந்தச் சதுரத்தில் ஒரு கூரையும் பாதி நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"ஃபோர்டர்கோர்ப்," என்றது குரல். "அதன் பெயர் ஃபோர்டர்கோர்ப். நான் அப்போதிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியவில்லை."

கோர்ப் என்றால் கூடை. ஏற்றி இறக்கும் கூடை. இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஹெர்பர்ட் என்ற முதியவர் அவர். முதியோர் இல்லத்தில் இருந்தார். உறவினர்கள் உள்ளே வரக்கூடாது என்பதால், பொழுதுபோக இப்படிக் கண்காட்சிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்த ஆள் கயிற்றைப் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது," என்றார். "ஆட்கள் ஏறியிருந்தால் உங்கள் அப்பா எத்தனை முறை அடிப்பார்? எங்களுக்கு நான்கு."

"மூன்று," என்றேன். எனக்கு அது எப்படி நினைவிருந்தது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவரையும் அப்பாவையும் திரையில் பேச வைத்தோம். நடுவில் மாயா. அப்பா, அவருடைய சுரங்கத்தில் எத்தனை லெவல், அதாவது பூமிக்கடியில் எத்தனை தளம் என்று கேட்டார். சுரங்கத்தின் லெவலுக்கு இங்கே ஸோலெ என்பார்கள். செருப்பின் அடிப்பாகத்துக்கும் அதே சொல்தான். மாயா தனக்குத் தெரிந்த தமிழில், "அவருக்கு ஏழு செருப்படி, தாத்தா" என்றாள்.

அப்பா திரைக்கு அருகே குனிந்தார். "எதுக்கும்மா? இன்னா தப்பு பண்ணாரு?"

நான் விளக்கியதும் சிரித்தார். அம்மா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஹெர்பர்ட்டும் காரணம் தெரியாமலே சிரித்தார். "தாத்தா சிரிக்குது" என்றாள் மாயா. தாத்தா சிரிக்கிறார் என்று நான் திருத்தவில்லை.

6

எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒளிபரப்பின்போது காவலாளிகள் படைப்புகளைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஒப்பந்தத்துக்கு எதிரானது. இது முதல் எச்சரிக்கை. அதே உறையில் இன்னொரு தாள்: ஓவியரின் கடிதம் இல்லாமலேயே தலைப்பு ஃபோர்டர்கோர்ப் என்று மாற்றப்பட்டுவிட்டது. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. கோப்பில் வைத்தேன்.

கூடை யாருக்கும் பிடிக்கவில்லை. கூடை என்றால் வெறும் வேலைக்குப் போகும் ஆட்கள். பத்திரிகை திருத்தம் போடவில்லை. ஆனால் அந்தச் சுற்றின் பதிவு எப்படியோ பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தின் மையக் கருத்தே தவறான புரிதல் என்று தெரிந்த பிறகு கண்காட்சி நடத்துவது சரியாக இருக்காது என்று அந்தக் கூடம் ராகுலனுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தில் 'சார்' இல்லை.

அவன் கூப்பிட்டான்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னாங்க?"

"அப்பாவுக்கு எவ்வளவு வருத்தம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அவரோட ஒரே வூட்ல இருக்கறவன் நானு. நீ இல்ல." அவன் கத்தவில்லை. "பதினஞ்சு வருசம் ஊரான் படத்துக்கு ஆணி அடிச்சேன். ஒரே ஒரு வாட்டி என் பேரு வந்துச்சு. தப்பாவே வந்தா இன்னாக்கா? நான் வரைஞ்சது மாறிடுச்சா? உள்ள நுழைஞ்சதுக்கு அப்புறம் நானே சொல்லியிருப்பேன். நீ வாசல்லயே கதவ சாத்திட்ட."

"விடுன்னு நீ சொன்னப்போ..."

"விடுன்னா விடுன்னு அர்த்தம்," என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பேசவில்லை. அப்பாவோடு பேசும்போது திரையின் ஓரத்தில் அவன் சட்டை கடந்து போகும். நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அவன் சொன்னதும் சரி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

7

இரண்டாவது அலை வந்தது. கோலாருக்கு ஆஸ்பத்திரிக்கு என்று போனவர்கள் பலர் திரும்பவில்லை. உடலைக்கூட முழுதாகக் காட்டவில்லை. மாலை போட்டு வைக்க ஒரு படமாவது வேண்டுமே என்று வீடுகளில் தேடினார்கள். புகைப்படக் கடைகள் மூடிக் கிடந்தன. பலரிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். முதலில் எதிர் லைன்காரர்கள் ராகுலனிடம் கேட்டார்களாம். வரைந்து கொடுத்தான். பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தான். அதில் அட்டையின் நகலை வைத்துவிட்டு, தள்ளி நின்று, செத்தவர் எப்படி இருப்பார் என்று சொல்வார்கள். அவன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு வரைவான். அப்பாதான் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்.

ஒரு காலை, நான் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அழைப்பு வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, தனபாக்கியம் அத்த போயிட்டாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"புள்ளைங்க எல்லாம் கோலார்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்கள கேக்க முடியாது. திரும்பி வர்றதுக்குள்ள வரைஞ்சி வெச்சிடலாம்னு பாக்கறேன். அட்டைல மூஞ்சியே கருப்பா இருக்குது. கடைசி ஒரு வருசமா நான் அவங்கள மாஸ்க்கோடதான் பாத்தேன். மூக்கு எப்படிக்கா இருக்கும்?"

கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டார், கதவில் சாய்ந்து நிற்பார். "நுனி கொஞ்சம் அகலம். சிரிச்சா இன்னும் அகலமாகும்."

"பல்லு?"

"மேல ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து. உதட்ட இழுத்து மூடிக்குவாங்க."

கரி அட்டையில் உரசும் சத்தம் கேட்டது. பின்னால் அப்பா ஏதோ சொன்னார். காது பெரிசு என்கிறார் என்றான் ராகுலன். இல்லை, கம்மல்தான் பெரிசு என்றேன். மூன்று பேருமாக ஒரு மணி நேரம் அந்த முகத்தைச் சேர்த்தோம். வேலைக்குத் தாமதமாகும் என்று நான் தகவல் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கடிதம் வந்தது.

"மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"இடது."

"வலதும்மா," என்றார் அப்பா தூரத்திலிருந்து.

"இல்லப்பா. எல்லாரும் வலது போடுவாங்க, அத்த மட்டும் இடது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ராகுலன் இடது பக்கம் வைத்தான்.

மறு வருடம் ஊருக்குப் போனேன். ராகுலன் ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்துகொண்டிருந்தான், பழைய வேலைக்கே. சனி, ஞாயிறு வாசலில் நாற்காலி இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டோம். பழையதைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டர்சன்பேட்டைக்கு நான் தனியாகப் போனேன். அத்தையின் மகள் மல்லிகா கதவைத் திறந்தாள். முன்னறையில் ஜெயபால் மாமாவின் புகைப்படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அந்தக் கரிப்படம் மாட்டியிருந்தது. உதட்டை இழுத்து மூடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அத்தை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மல்லிகா காபி கொண்டுவந்தாள்.

"அப்படியே இருக்காங்கல்ல அக்கா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூக்குத்தி மட்டும் எங்கம்மாவுக்கு வலது பக்கம். ராகுலன் அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், எப்படியோ யோசிச்சி யோசிச்சி வரைஞ்சிருக்காரு. எங்களுக்கும் இப்போ இதான் பழகிடுச்சி."

"சொல்லமாட்டேன்," என்றேன்.

இந்தக் குறிப்பை அவன் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும். நேரில் நான் சொல்லவில்லை.